சாவி போட்டால் மட்டும்



வண்டியின் ஹேண்டில்பார் பக்கம் ஒரு சார்ஜிங் பாயிண்ட் வைத்துக்கொள்ளலாமா, வைத்தால் பேட்டரி படுத்துவிடுமா என்று கேட்டுக் கடிதம் வராத மாதமே இப்போதெல்லாம் இல்லை. ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் வண்டியில் வந்து போகிறவர்கள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நந்தி மலைக்குக் கிளம்பிவிடும் இளவட்டங்கள் கேட்கிறார்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: மகன் சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போகிறானாம், ஏதோ ஒரு கடையில் வண்டி ஒயரைப் பிரித்து முன்னால் என்னவோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறானாம், பெட்ரோல் டேங்குக்குக் கீழே அந்த ஒயர் போவதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லையாம். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட இந்த மாதம் இந்தப் பக்கத்தையே இதற்கு ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது.

அம்மாவுக்கு முதல் பதில். டேங்குக்குக் கீழே ஒயர் போகத்தான் செய்யும். கம்பெனியிலிருந்து வரும்போதே எல்லா வண்டியிலும் அப்படித்தான் போகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பையனிடம் சொல்லி பேட்டரி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து புதிதாக ஒரு ஒயர் கிளம்புகிறதா? அது கிளம்பி ஒரு சாண் தூரம் போவதற்குள் ஃபியூஸ் வைத்த சின்ன டப்பா ஒன்று இருக்கிறதா? இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஒயர் மட்டும் இருந்து டப்பா இல்லையென்றால், நாளைக்கு அவன் வேலைக்குக் கிளம்புவதற்குமுன் அந்த ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் போட்ட பிறகு மாட்டிக்கொள்ளட்டும்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனாலேயே அதன்மேல் நமக்குப் பயமில்லை. வீட்டு பிளக்கில் விரல் வைக்க நடுங்குகிறவர் வண்டி ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பார். ஆனால், தோல் உரிந்த பிளஸ் ஒயர் வண்டியின் சட்டத்தில் பட்டுவிட்டால், உள்ளங்கை அகலமுள்ள அந்தப் பேட்டரி நூறு ஆம்பியர்கூட ஒரே மூச்சில் தள்ளிவிடும். மெல்லிய ஒயர் சிவந்து, மேலுறை உருகி, பக்கத்தில் இருக்கும் ஒயர்களையும் சேர்த்து எரித்துவிடும். அதற்கு முன்னாலேயே அறுந்து, கரண்டை நிறுத்துவதுதான் ஃபியூஸின் வேலை. போனைக் காப்பாற்ற ஃபியூஸ் வைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. ஆகவே ஒயர் தொடங்கும் இடத்திலேயே அது இருக்க வேண்டும். மாற்றுவதற்கு வசதி என்று ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நான்கடி ஒயரைக் கேட்பாரில்லாமல் விட்டிருக்கும் வண்டிகள் ஊரில் ஏராளம். ஃபியூஸ் போட்டிருக்கிறதா என்று கேட்டால் போட்டிருக்கிறது என்பார்கள். எங்கே என்று கேட்க வேண்டும்.

பெங்களூருவில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வண்டிகள். ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு பிழைக்கும் தொழில்களுக்கும் இந்த ஊர்தான் பிறந்த வீடு. ஸ்விக்கி 2014-ல் இங்கே கோரமங்கலாவில் ஆரம்பித்தது. ராபிடோ மறு ஆண்டு இதே ஊரில் தொடங்கியது. அந்த வேலையில் இருப்பவரின் போன் படும் பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திரை அணைவதே இல்லை. வெயிலில் எழுத்து தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பார். ஜிபிஎஸ் ஒரு பக்கம், டேட்டா ஒரு பக்கம், ஆர்டர் கொடுத்தவரின் 'அண்ணா எங்க இருக்கீங்க' அழைப்புகள் ஒரு பக்கம். மதியச் சாப்பாட்டு நெரிசல் அடங்கும்போது பேட்டரி சிவப்புக்கு வந்துவிடும். போன் அணைந்தால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லையென்றால் ராத்திரிக் கூலி இல்லை. வார இறுதியில் ஊர் சுற்றுகிறவருக்கு முன்பக்கப் பாயிண்ட் ஒரு சௌகரியம். இவருக்கு அது கொத்தனாருக்குக் கரணை மாதிரி.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் சாயங்காலம் ஓட்டல் வாசல்களில் வரிசையாக நிற்கும் டெலிவரி வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு தொழிற்கண்காட்சி பார்த்த மாதிரி இருக்கும். ஒரு வண்டியில் சார்ஜர் கேபிள் கண்ணாடிக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றியபிறகே போனுக்குப் போகிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது இழுவிசை போனின் வாயில் விழாமல் கம்பியில் விழுந்துவிடும். இன்னொன்றில் கேபிள் நுனிக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே பலூனை வெட்டி மாட்டியிருக்கிறார்கள், மழைக்கு. போனுக்குப் பால் கவர். இதையெல்லாம் யாரும் யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை. கேபிள் முறிந்து முறிந்து கற்றுக்கொண்டது.

வண்டிக் கம்பெனிகளுக்கு இந்தத் தேவை உறைக்க ரொம்ப நாளாயிற்று. ஸ்கூட்டர்களில் சீட்டுக்கு அடியில் சார்ஜர் வைத்துத் தந்தார்கள். போனைப் பூட்டி வைத்துச் சார்ஜ் ஏற்றலாம், வழி பார்க்க முடியாது. 2020 ஜனவரியில் வந்த கேடிஎம் 390 அட்வெஞ்சரில் முன்னாலேயே 12 வோல்ட் சாக்கெட் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ராயல் என்ஃபீல்ட் தன் மீட்டியார் 350-ல் கிளட்ச் லிவர் பக்கம் யுஎஸ்பி பாயிண்ட் வைத்தது. 2021-ல் வந்த புது கிளாசிக் 350-லும் அது தொடர்ந்தது. 2022-ல் ஸ்பிளெண்டர் பிளஸ் எக்ஸ்டெக்கில் யுஎஸ்பி வந்தபோதுதான், இது பணக்கார வண்டியின் அலங்காரமில்லை, நாட்டில் அதிகம் விற்கும் வண்டிக்கே வேண்டிய சாமான் என்று ஒப்புக்கொண்டார்கள் என்பது என் கணக்கு. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450-ன் வட்டத் திரையில் கூகுள் மேப்பே தெரிகிறது. ஆனால் அந்த வரைபடம் சட்டைப்பையில் இருக்கும் போனிலிருந்துதான் போகிறது. போன் சூடேறிச் சார்ஜ் இறங்கும். கூடவே டைப்-சி பாயிண்ட் ஒன்று கொடுத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏத்தர், 2018-ல் பெங்களூருவில் முதல் ஸ்கூட்டரை விற்றபோது, ஏழு அங்குலத் தொடுதிரையில் வண்டியே வழி காட்டியது. போனை வெளியே எடுக்கவே வேண்டாம். இப்போது அந்த ஸ்கூட்டர்கள் ஓசூரில் தயாராகின்றன. தீர்வு என்றால் இதுதான் தீர்வு, மற்றதெல்லாம் ஒட்டுப்போடுவது. ஆனால் ஊரில் ஓடுவதில் பெரும்பாலானவை ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டிய வண்டிகள்தானே? ஆகவே ஜே.சி. ரோட்டுக்குப் போவோம்.

டவுன் ஹாலில் ஆரம்பித்து ரவீந்திர கலாக்ஷேத்ராவைத் தாண்டி மினர்வா சர்க்கிள் வரை போகிற இந்த ரோடு, மைசூர் மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கியது. மைசூரில் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைத் திறந்து வைத்தவரும் அவர்தான். வண்டி சாமான்கள் விற்கும் தெருவுக்கு அவர் பெயர் அமைந்தது தற்செயல் என்றாலும் பொருத்தம். ஒரு பக்கம் கலாசிபாளையம், நடந்து போகும் தூரத்தில் எலக்ட்ரானிக் சாமான்களுக்கு எஸ்.பி. ரோடு. ஒரு ரிலே, நான்கு மீட்டர் ஒயர், ஃபியூஸ் டப்பா, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் எல்லாம் அரை நாளில் கால் நடையாகவே வாங்கி முடித்துவிடலாம்.

அந்தப் பக்கம் ஒரு சந்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை ஒன்றில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். கடைக்காரருக்குத் தமிழ், கன்னடம், உருது மூன்றும் வாயில் கலந்தே வரும். வண்டியை நிறுத்தியதும், எந்தக் கம்பெனி சார்ஜர் என்றெல்லாம் கேட்கவில்லை. வண்டிக்காரப் பையனைப் பார்த்து ஒரே கேள்வி:

"நேரா வேணுமா தம்பி, சாவி போட்டா மட்டும் வேணுமா?"

பையன் முழித்தான். "எது நல்லது அண்ணா?"

"ஊருக்குப் போனா வண்டிய எத்தன நாள் நிறுத்துவ?"

"பொங்கலுக்கு ஒரு வாரம், பத்து நாள்."

"அப்ப சாவி போட்டா மட்டும்."

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் பாயிண்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும். போன் மாட்டாவிட்டாலும், நீலமாக எரியும் சின்ன விளக்கும் உள்ளேயிருக்கும் சர்க்யூட்டும் துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வோல்ட் காட்டும் எண் திரை வைத்த சார்ஜர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. ஓரிரு நாளில் ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பி வந்து செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். முன்பெல்லாம் கிக்கர் உதைத்துத் தப்பிக்கலாம். இப்போது வருகிற கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் கிக்கரே கிடையாது. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கடைக்காரர் ஹெட்லைட்டைக் கழற்றித் தொங்கவிட்டார். உள்ளே ஒயர்க் கூட்டம். டெஸ்ட் லேம்ப் என்று சொல்வார்களே, ஒரு பழைய இண்டிகேட்டர் பல்ப், அதில் பற்றவைத்த இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் ஊசி. எர்த்தைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஊசியால் ஒவ்வொரு கப்ளரின் பின்பக்கமும் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் பல்ப் எரிந்தது. "சாவிய ஆஃப் பண்ணு." அணைந்தது. "போடு." எரிந்தது. ஹாரனுக்குப் போகும் ஒயர் அது. அந்த ஒயரை வெட்டவில்லை; அதிலிருந்து ஒரு கிளை மட்டும் எடுத்து, பற்றவைத்து, ஸ்லீவ் ஏற்றி, லைட்டரால் சூடு காட்டினார். ஸ்லீவ் சுருங்கி ஒயரை இறுகப் பிடித்துக்கொண்டது. அந்தக் கிளை நேரே பாயிண்ட்டுக்குப் போகவில்லை. ரிலேவுக்குப் போயிற்று.

ரிலே பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பருமனான கறுப்பு டப்பா. அடியில் நான்கு கால்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண்: 30, 85, 86, 87. இந்த எண்கள் யாரோ கடைக்காரர் வைத்ததில்லை, டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்தவை. உலகம் முழுக்க அதே எண்கள்தான். 30 பேட்டரியின் பிளஸ். ஃபியூஸ் வழியாக வர வேண்டும். 87-லிருந்து பாயிண்ட்டுக்கு. 86-க்குச் சாவி ஒயரின் கிளை. 85 எர்த். சாவியைப் போட்டதும் 86-க்கும் 85-க்கும் நடுவில் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) காந்தமாகி, உள்ளே இருக்கும் தகட்டை இழுத்து 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கும். பாயிண்ட்டுக்கான கரண்ட் முழுக்கப் பேட்டரியிலிருந்து புதிய தடித்த ஒயரில் வருகிறது. வண்டியின் பழைய மெல்லிய சாவி ஒயர் ஒரு காயிலை மட்டும் தூண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதைப் படிக்கும் ஆடுகோடிக்காரர்களுக்கு, அதிலும் 1951-ல் ஆரம்பித்து அங்கே ஆலை வைத்திருந்த பழைய மைக்கோவில், இன்றைய பாஷ் கம்பெனியில், வேலை பார்த்தவர்களின் குடும்பத்தினருக்கு, இந்த எண்கள் வீட்டு விலாசம் மாதிரி மனப்பாடமாக இருக்கும்.

எல்லோருக்கும் ரிலே கட்டாயமா? இல்லை. ஒரு யுஎஸ்பி பாயிண்ட் மட்டும், அதுவும் இரண்டு ஆம்பியர் ரகம் என்றால், அது பேட்டரியிலிருந்து இழுப்பது சுமார் ஒரு ஆம்பியர். சாவி ஒயரின் கிளையிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ளலாம். காரில் சிகரெட் பற்றவைக்க இருந்ததே, அந்த வட்ட சாக்கெட்டை மாட்டுவதாக இருந்தால்தான் ரிலே அவசியம். ஏனென்றால் அதில் நாளைக்கு என்ன செருகுவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்று பத்து ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி அறுகிறது என்று பெரிய ஃபியூஸாகப் பார்த்துப் போடுவார்கள் சிலர். பத்துக்கான ஒயரில் முப்பது ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் அறுவதற்குமுன் ஒயர் எரியும். அது நம் ஸ்ரீராமபுரத்து அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய நியாயமான விஷயம்.

ஒயர் எடுக்கும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹெட்லைட் பக்கத்திலேயே இருப்பதால் அதன் ஒயரிலிருந்தே எடுத்துவிடலாமே என்று கை போகும். பழைய நூறு சிசி வண்டி ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் லைட் பளிச்சென்று எரியும், விட்டால் அகல் விளக்கு. காரணம், அந்த லைட்டுக்குப் பேட்டரிக் கரண்ட் போகவில்லை. என்ஜினோடு சுற்றும் மேக்னட்டின் காயிலிலிருந்து ஏசி கரண்ட் நேராகப் போகிறது. யுஎஸ்பி சார்ஜர் டிசிக்குச் செய்தது. ஏசியில் மாட்டினால் அன்றைக்கே உயிரை விடலாம், சமயத்தில் போனையும் கூட்டிக்கொண்டு. ஆகவே லைட் மங்கிப் பிரகாசிக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் ஹாரன், இண்டிகேட்டர் பக்கம் போங்கள்.

இனி, பேட்டரி படுத்துவிடுமா என்ற கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐயாயிரம் எம்.ஏ.எச். போன் பேட்டரி ஒன்றில் அடங்குவது 19 வாட்-அவர். வழியில் சூடாகப் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால், முழுக்க ஏற்ற 25 வாட்-அவர் வேண்டும். நூறு சிசி வண்டியின் 12 வோல்ட், 3 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது மொத்தமே 36. என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் போட்டு, மரத்தடியில் உட்கார்ந்து போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றினால் வண்டிப் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி. 8 ஆம்பியர்-அவர் பேட்டரி உள்ள 350 சிசி வண்டியில் 96 இருக்கும். அதில் கால்வாசி போகும். என்ஜின் ஓடும்போது கவலையில்லை, போனுக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு வாட்டை மேக்னட்டே சமாளித்துவிடும். ஆனால் பெங்களூருவில் என்ஜின் 'ஓடுவது' என்றால் சில்க் போர்டு சிக்னலில் ஐட்லிங்கில் நிற்பதும் அதில் சேர்த்தி. ஐட்லிங்கில் மேக்னட் கொடுப்பது சொற்பம். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது, பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். பல்ப் ரகமென்றால் சின்ன வண்டியிலேயே அது 35 வாட். போதாததற்கு மேலே ஒரு ஜோடி ஃபாக் லைட் மாட்டியிருந்தால், பாவம், அந்தக் குட்டிப் பேட்டரி வரவுக்கு மேல் செலவு செய்கிற வீடாகிவிடும்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வையுங்கள். என்ஜின் அணைந்து சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். என்ஜினை ஸ்டார்ட் செய்து, லைட், ஃபாக் லைட், போன் எல்லாம் இருக்க, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.5-க்கு மேல் ஏற வேண்டும். ஐட்லிங்கில் 12.6-க்குக் கீழே இறங்கினால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பேட்டரி கரைகிறது என்று பொருள். ஒன்றைக் கழற்றுங்கள்; ஃபாக் லைட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வண்டிக் கரண்ட்டில் சூடேறும் கையுறைகூட விற்கிறார்கள். நம் ஊர் டிசம்பர் குளிருக்கு அது எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எங்கே மாட்டுவது? ஹேண்டில்பாரில், இடது பக்கம், போன் ஸ்டாண்டுக்கு அருகில், வாய் கீழே பார்க்கும்படி. மேலே பார்த்தால் மழைத் தண்ணீர் நேரே உள்ளே போகும். பெங்களூருவில் ஜூனில் ஆரம்பிக்கும் மழை அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும்; 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் படகும் டிராக்டரும் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ரப்பர் மூடி, எதுவும் மாட்டாதபோதுதான் உதவும். மழையில் கேபிள் மாட்டியிருக்கிற பாயிண்ட் எந்த மூடி இருந்தாலும் திறந்த பாயிண்ட்தான். ஈரமான டைப்-சி வாயில் கரண்ட் ஓடினால் உள்ளிருக்கும் பொடி முனைகள் பச்சை பூத்து அரித்துவிடும். அடைமழையில் கேபிளைக் கழற்றிவிடுங்கள், போனைப் பையில் போடுங்கள், காதால் வழி கேளுங்கள். ஒயர் இழுப்பவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்த பிறகே டை போட வேண்டும். நேராக வைத்து இறுக்கிக் கட்டிய ஒயர், ஒவ்வொரு யு-டர்னிலும் இழுபட்டு, ஒரு நாள் கழுத்துப் பக்கம் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் மட்டும் சார்ஜ் ஏறாது. பழுதைத் தேடிப் பைத்தியம் பிடித்துவிடும்.

போன் கேமராவுக்கும் ஒரு எச்சரிக்கை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனியே சொன்னது: சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போனுக்குப் போனால், படம் ஆடாமல் பிடித்துத்தரும் லென்ஸ் அமைப்பு கெட்டுப்போகலாம். சின்ன என்ஜின் வண்டிகளுக்கும் அதிர்வைத் தாங்கும் ஸ்டாண்ட் வைப்பது நல்லது என்றார்கள். புல்லட்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பழைய போன் ஒன்றை வழி பார்க்கவென்று ஒதுக்கி ஸ்டாண்டில் வைப்பவர்கள் புத்திசாலிகள்.

போலீஸ் பிடிப்பார்களா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 2020 அக்டோபர் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி, கைக்கருவியைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. பேசுவது, செய்தி தட்டுவது எல்லாம் குற்றம்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று சொன்னதைச் சிலர் குறிப்பிட்டுப் பயந்திருக்கிறார்கள். அது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களை மீறி வண்டியை மாற்றுவது பற்றியது. ஒரு யுஎஸ்பி பாயிண்ட்டால் அதில் எந்த வரியும் மாறுவதில்லை. பயப்பட வேண்டியது வாரண்டிக்கு. வாரண்டியில் இருக்கும் வண்டியின் ஒயரிங்கை வெட்டினால், நாளைக்கு எது எரிந்தாலும் பழி அந்த வெட்டின்மேல் விழும். ஷோரூமில் கம்பெனி ஆக்ஸசரியாகவே பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கேடிஎம் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஏசிசி 1, ஏசிசி 2 என்று இரண்டு இணைப்புகளைக் கம்பெனியே விட்டு வைத்திருக்கிறது. முதலாவதில் எப்போதும் கரண்ட், இரண்டாவதில் சாவி போட்டால் மட்டும். அது அங்கே சும்மா இருக்க, பக்கத்தில் ஒயரை வெட்டி டேப் சுற்றிய வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வண்டியோடு வந்த கையேட்டைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள்.

மைசூர் போகிறவர்களிடமிருந்தும் சில கடிதங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் மையப் பாதையில் இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். முன்பு மூக்குக்கு நேரே போன பயணத்துக்கு இப்போது மேப் தேவைப்படுகிறது. மேப் என்றால் சார்ஜ். அந்த வழியில் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளில் போகும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி: மைசூரிலேயே பிறந்த உங்கள் வண்டி 6 வோல்ட் ரகமாக இருந்தால், கடையில் விற்கும் 12 வோல்ட் சார்ஜர் அதில் வேலை செய்யாது. மாற்ற முயற்சி செய்து அந்தப் பழைய ஒயரிங்கைப் புண்ணாக்காதீர்கள். டேங்க் பையில் ஒரு பவர் பேங்க் போதும்.

கடைசியாக, வட்ட சாக்கெட்டா, யுஎஸ்பியா என்று கேட்டவர்களுக்கு: ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் யுஎஸ்பி. குழி ரோட்டில் வட்ட சாக்கெட்டில் செருகியது எகிறி எகிறி வெளியே வரும். லடாக், ஸ்பிட்டி என்று கிளம்புகிறவர்கள் வட்ட சாக்கெட் வைத்துக்கொள்ளலாம். காற்றடிக்கும் பம்ப் அங்கே உயிர் காக்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே ரிலேவிலிருந்து இரண்டு கிளை, கிளைக்கு ஒரு ஃபியூஸ்.

டெலிவரி வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் எந்த மாதிரி கேபிள் உங்களுக்கு நீடிக்கிறது, நுனி வளைந்ததா நேரானதா, மழைக்கு என்ன சுற்றுகிறீர்கள், எங்கே முறிகிறது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். முடிந்தால் வண்டியின் முன்பக்கத்தைப் படம் எடுத்து, நம்பர் பிளேட் தெரியாதபடி, கூடவே வையுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் அதற்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்